அத்தான் செய்த கை

எங்கள் வீட்டு மேசையில் ஒரு கை உட்கார்ந்திருக்கிறது என்று பல் ஆஸ்பத்திரியில் நான் ஒருநாள் சொன்னபோது, டாக்டரம்மா நோயாளியின் வாயில் வைத்த பஞ்சை மறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வரவேற்பு மேசையில் இருப்பவள் இப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை கண்டித்திருக்கிறார். நான் அவசர அவசரமாக விளக்கினேன். சதையும் எலும்பும் கிடையாது. இரண்டு பழைய பிரிண்டர், ஒரு ஸ்கேனர், நான்கு ரேடியோக்களின் வால்யூம் குமிழ்கள், உடைந்த குடையின் கம்பிகள், ஒரு கேமரா ஸ்டாண்டின் கால். எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கை. செய்தவர் என் அக்கா புருஷன். பஞ்சோடு இருந்த நோயாளிகூடச் சிரித்துவிட்டார்.

அத்தானுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. டிவி, வாஷிங் மெஷின் இவற்றின் போர்டுகளைப் பழுது பார்க்கும் கடையில், ஜன்னலோரத்து மூன்றாவது மேசையில், இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தார். கடையில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊசி என்றால் அவர்தான். முடியைவிடச் சற்றே தடித்த உலோகக் கால்கள் நூறு நெருக்கமாக நிற்கும் ஒரு எலெக்ட்ரானிக் சில்லில், பக்கத்துக் காலைத் தொடாமல் ஒற்றைக் காலுக்கு மட்டும் ஈயத்தை உருக்கி சால்டர் வைப்பார். மற்ற மேசைக்காரர்கள் கையை விரித்துவிட்ட போர்டெல்லாம் கடைசியில் ஜன்னலோரத்துக்குத்தான் வரும்.

பேச்சுதான் வராது. அவர் வாயைத் திறக்க வைக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்பாள் அக்கா. அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுகிறவர்கள் "எப்ப குத்துவீங்க?" என்று கேட்கும்போது பஞ்சை ஒட்டி முடித்திருப்பாள். ஊசி என்று பேர் வாங்கியவரும் ஊசி போடுகிறவளும் சேர்ந்து நடத்திய அந்த வீட்டின் மாடி அறையில் நான் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. அவர்கள் இருவருக்கும் சேர்த்து நான் பேசினேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அத்தான் இரண்டு செத்த பிரிண்டர்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சமையலறைக்குப் பின்னால் துணி தேய்க்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன அத்தான், காயலான் கடை வைக்கப் போறீங்களா?" என்று வெளியிலிருந்து கேட்டேன்.

"ஒரு கை செய்யலாம்னு பாக்கறேன்."

"இருக்கிற ரெண்டு போதாதா?"

வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பவர். அன்றைக்கு உள்ளே இருந்து ஸ்க்ரூ கழற்றும் சத்தம்தான் வந்தது. கோபமோ என்று நினைத்து அதோடு விட்டுவிட்டேன். நான் விடுவது அபூர்வம்.

காரணம் எனக்குப் பின்னாட்களில்தான் தெரிந்தது. வாசிக்கிறவர்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் வேலை முடியும் நேரத்தில் மட்டும். பிறகு காலையிலும். ஒருநாள் சால்டர் வைக்கும் முனை வழுக்கி, பக்கத்துப் பக்கத்துக் கால்கள் இரண்டு ஒட்டிக்கொண்டு, ஒரு பெரிய டிவியின் போர்டு புகைந்து போனது. வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் அங்கே சொன்ன முதல் பொய் அது.

அந்தக் கடையில் கை போனவர்களுக்கு ஓர் இடம் உண்டு. வாசல் பக்கத்துக் கவுண்டர். பொருளை வாங்கி, ரசீது கிழித்து, "வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லும் வேலை. இவருக்கு முன்னால் கண் மங்கிய ஒரு மெக்கானிக்கை அங்கே உட்கார வைத்தார்கள். அவர் நான்கே மாதத்தில் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அந்தக் கவுண்டரைத் தாண்டும்போதெல்லாம் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அதனால்தான் ஒரு கை. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்துக்கு, சொன்ன வேகத்தில், ஆடாமல் போய் வரும் ஒரு கை. அதை மேசையில் பொருத்திக்கொண்டால் எவனுக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வீட்டில் அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அழகைச் சொல்ல வேண்டும். டீயைப் பாதி டம்ளர்தான் குடிப்பார். கேட்டால் உடம்புக்கு ஆகாது என்பார். சட்டைப் பொத்தானை என்னிடம் தைக்கக் கொடுத்தார். முன்பெல்லாம் எனக்கு அவர்தான் தைத்துத் தருவார். கையெழுத்துப் போடும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, பூட்டை உடைக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. வயசாகிறது, கிறுக்கு கூடுகிறது என்று நினைத்தேன். வாய் நீளமாக இருப்பவர்களுக்குக் கண் கொஞ்சம் குட்டைதான் போலிருக்கிறது.

ஆனால் கையைச் செய்துகொண்டிருந்த நான்கு மாதமும் அவர் சந்தோஷமாக இருந்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பிரிண்டருக்குள் காகிதத்தை இழுக்கும் மோட்டார்கள் தோளும் முழங்கையும் ஆயின. ஸ்கேனரின் உள்ளே விளக்கு ஓடும் தண்டவாளம் அடிப்பாகம் ஆனது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ரேடியோ வால்யூம் குமிழைப் பதித்தார். ரேடியோவில் குமிழைத் திருப்பினால் சத்தம் கூடும் குறையும் இல்லையா, இங்கே மூட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அந்தக் குமிழ் சொல்லும். சின்னதாக ஒரு கட்டுப்பாட்டு போர்டு மட்டும் புதிதாக வாங்கினார். அதற்கு வேண்டிய கணினி நிரலை யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் சும்மா போட்டு வைத்திருந்தான்.

அந்தக் கைக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கணக்குப் போட்டு எழுதித் தர வேண்டியதில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார்கள் இறுக்கத்தை விடும். கையின் மணிக்கட்டைப் பிடித்து, எப்படிப் போக வேண்டுமோ அப்படி ஒருமுறை நடத்திக் காட்ட வேண்டும். குமிழ்கள் அதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ளும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் அதே பாதையில் தானாகப் போய் வரும்.

முதன்முதலில் அயர்னை மாட்டவில்லை, பேனாவை மாட்டினார். என்னையும் அக்காவையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். சிவப்பை அழுத்தி, கையைப் பிடித்து, காகிதத்தின் குறுக்கே ஒரு நேர்கோடு இழுத்துக் காட்டினார். பிறகு பச்சை. மோட்டார்கள் முனகின. கை நிமிர்ந்து, குனிந்து, பேனாவைக் காகிதத்தில் வைத்து நகர்ந்தது. நான் கைதட்டினேன். உண்மையாகவே எனக்குப் புல்லரித்துவிட்டது.

கோடு மட்டும் நேராக இல்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி நெளிந்து நெளிந்து போயிருந்தது.

"அச்சு லூசா இருக்கு," என்றார் அத்தான். "சரி பண்ணிடலாம்."

அக்கா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் செய்த பாடு சொல்லி மாளாது. பெல்ட்டை மாற்றினார். பல்சக்கரங்களைக் கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டினார். கரண்ட் சுத்தமாக வரவில்லை என்று பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தார். மேசை ஆடுகிறது என்று மேசைக்கால்களுக்கு ரப்பர் வைத்தார். ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்து ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே பென்சிலால் தேதி, என்ன மாற்றினார் என்ற குறிப்பு. "புது பெல்ட்." "கிரீஸ்." "ரப்பர்." முப்பது நாற்பது காகிதங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் அதே எறும்பு.

இப்போது யோசித்தால், அந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. பழுது பார்க்கிறவர் பழுதைப் பொருளில்தான் தேடுவார். இருபத்தாறு வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பது கெட்டுப்போனது, இந்தப் பக்கம் இருப்பது சரியானது. தன்னுடைய நடுக்கம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் அது நின்றுவிடுகிறது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நிற்கிற மாதிரிதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி தேய்க்க இடம் வேண்டும் என்று நான் அந்த அறைக்குள் போனேன். அத்தான் முற்றத்துக் குழாயில் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா பின்னாலேயே துணிக் கூடையோடு வந்தாள். மேசையில் அந்தக் கை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. எனக்குக் கை சும்மா இருக்குமா? சிவப்பை அழுத்தினேன். மணிக்கட்டைப் பிடித்து ஒரு பூனை வரைந்தேன். வட்டமாக முகம், இரண்டு காது, நீளமாக வால். புதுக் காகிதம் வைத்துப் பச்சையை அழுத்தினேன்.

பூனை வந்தது. வழவழவென்று, என் கையால் வரைந்த அதே பூனை. வாலில் ஒரு நெளிவுகூட இல்லை.

"அத்தான்! ஓடி வாங்க!" என்று கத்தினேன். "சரியாயிடுச்சு!"

ஈரக் கையோடு ஓடி வந்தார். காகிதத்தைப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உடனே வேறு காகிதம் வைத்து, சிவப்பை அழுத்தி, கோடு இழுத்துக் காட்டினார். பச்சை. கை முனகிக்கொண்டே நகர்ந்தது. எறும்பு.

நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை.

"அட, அப்ப மோட்டார்ல ஒண்ணுமில்ல அத்தான். ஆடறது உங்க கைதான்!" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. பாதி டம்ளர் டீ, பொத்தான், கையெழுத்து எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்து விழுந்தன. அத்தான் காகிதத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அக்கா துணிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மூணு மாசமாத் தெரியும்," என்றாள்.

"கேட்டிருக்கலாமே?" என்றார் அத்தான்.

"கேட்டா இல்லன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் அந்தப் பொய்ய ரெண்டு பேருமா சேர்ந்து காப்பாத்தணும். அதான் நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

அவர் வெளியே போய் முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். நான் மாடிக்குப் போய் அழுதேன். அக்கா மட்டும் துணியெல்லாம் தேய்த்து முடித்தாள்.

அடுத்த வாரம் அக்கா அவரை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். உயிருக்கு ஆபத்து இல்லை, மாத்திரையால் கொஞ்சம் கட்டுப்படும், போகாது, வருடம் ஏற ஏறக் கூடலாம் என்று டாக்டர் சொன்னாராம். அத்தான் கேட்டது ஒன்றே ஒன்று: "வேலை?" டாக்டர், என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மாத்திரைச் சீட்டை மெதுவாக மடித்துக் கொடுத்தாராம்.

அக்காவுக்கு ஒரு யோசனை இருந்தது. ஒரு மாலை அவரிடம் சொன்னாள்:

"நான் பிடிச்சுக் காட்டறேன். எங்க போகணும்னு நீங்க சொல்லுங்க. என் கை ஆடாது. நாம பதிஞ்சு வச்சுடலாம், நீங்க கடைல பச்சைய மட்டும் அழுத்துங்க."

நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

"ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு மாதிரி. எத்தனைன்னு பதிவ?" என்றார் அத்தான். பிறகு, "அதுவும் இல்லாம, ரேடியோ குமிழுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது, அத வச்சு நூறு கால் சில்லுல வேலை செய்ய முடியாது. எனக்கு அது முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா நாலு மாசம் செஞ்சீங்க?" என்று கேட்டேன். இந்த முறை மெதுவாகத்தான் கேட்டேன்.

"செஞ்சிட்டிருந்தா நாளைக்குன்னு சொல்லிக்கலாம் இல்ல?"

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னிடம் வந்து, அந்தக் கையைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும், ஒரு பக்கம் பிடிக்கிறாயா என்றார். அக்காவுக்கு டூட்டி. நான் பல் ஆஸ்பத்திரியில் தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு அவரோடு போனேன். பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். கடையில் பொருத்தப் போகிறார், எப்படியோ சமாளிக்கப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் நான்கு மேசை. அத்தானுக்குப் பக்கத்து மேசைக்காரருக்கு அவசரம் என்று பேர். பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறார், பத்தொன்பது வருடமாக எதையும் நிதானமாகச் செய்ததில்லை. அவரும் அத்தானும் ஒரே வயது. இருவருக்கும் யார் பெரிய ஆள் என்று ஓயாத போட்டி. போர்வையை அவிழ்த்ததும் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். முதலாளியும் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"யோவ் ஊசி, நீயா செஞ்ச? பிரிண்டர் மோட்டாரா இது?" என்றார் அவசரம். அவர் குரலில் பொறாமை சுத்தமாகத் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தான் பேனாவை மாட்டினார். காகிதம் வைத்தார். பச்சையை அழுத்தினார். என் பூனையை ஓட்டவில்லை. அவருடைய கோட்டை ஓட்டினார்.

எல்லாரும் குனிந்து எறும்பைப் பார்த்தார்கள்.

"பெல்ட் தளர்வுய்யா," என்றார் முதலாளி.

"பெல்ட் இல்ல, கரண்ட்டு. ஒரு பெரிய கெப்பாசிட்டரா போடு, நின்னுரும்," என்றார் அவசரம்.

கடைசி மேசைக்காரர், அச்சு கோணலாக இருக்கிறது என்றார். அவசரம் மேசைக்கு அடியில் குனிந்து கால்களை ஆட்டிப் பார்த்தார். மூன்று வாரமாக எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் மூன்று நிமிடத்தில் அங்கே திரும்ப நடந்தது. அத்தான் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கை விடாமல் கோடு போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "இது நான் பிடிச்சுக் காட்டினது. நான் செஞ்ச மாதிரியே செய்யுது."

யாருக்கும் புரியவில்லை. அவர் தன் வலது கையை, விரல்களை விரித்து, அந்த இயந்திரக் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். இரண்டும் ஒரே மாதிரி நடுங்கின. அவசரம்தான், எதற்கென்று தெரியாமல், எட்டி மின் சுவிட்சை அணைத்தார். இயந்திரக் கை நின்றது. அத்தானுடைய கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றார் முதலாளி.

"ஒன்றரை வருஷம். அந்தப் பெரிய டிவி போர்டு கருகினது என்னாலதான்."

முதலாளி வாசல் பக்கம் திரும்பிக் கவுண்டரைப் பார்த்தார். ரசீது புத்தகம் அங்கே விரிந்து கிடந்தது. அத்தானும் பார்த்தார். எனக்கு ஓடிப்போய் அந்தப் புத்தகத்தைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

"பாத்ததும் எங்க பழுதுன்னு சொல்றவன் இங்க நீ ஒருத்தன்தான்," என்றார் முதலாளி. "உன்னப் போய் ரசீது எழுத வச்சா என்னவிட முட்டாள் கிடையாது. எழுதினாலும் அத எவன் படிக்கிறது?" யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. "ஆனா அயர்ன் இனி உன் கையில வேணாம்யா."

அத்தான் தலையாட்டினார். ஜன்னலோரத்து மேசைக்குப் போய், ஸ்டாண்டிலிருந்த தன்னுடைய அயர்னை எடுத்தார். இத்தனை வருடத்தில் வேறு யாரையும் அவர் தொடவிடாத பொருள் அது. கொண்டுபோய் அவசரத்தின் மேசையில் வைத்தார். அவசரம் அதை உடனே எடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் நிதானமாக இருந்தார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூணு நாளா இந்த வாஷிங் மெஷின் போர்டு என் உசுர வாங்குது. கொஞ்சம் பாரேன்," என்றார்.

அத்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போர்டைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தக் கால்தான். விரிசல் விட்டிருக்கு," என்று விரலை நீட்டினார். விரல் அந்தக் காலுக்கும் பக்கத்துக் காலுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது.

அவசரம் சூடான அயர்னோடு குனிந்து, அந்த விரலையே பார்த்தார். "எது? இதுவா, அதுவா?"

அத்தான் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விரலப் பாக்காத. இடது பக்கத்துலேருந்து நாலாவது. நான் சொல்றதக் கேளு."